பட்டனுக்குக் காது குத்திய தபாதபா

மும்பையில் இருக்கும் பட்டன்களில் பாதிக்கு மேற்பட்டவை, வாழ்நாளில் ஒருமுறையாவது தபாதபாவின் ஆள்காட்டி விரலுக்குப் பதில் சொல்ல நேர்ந்தவை. லிஃப்ட் பட்டன், பஸ் மணி, வங்கியின் டோக்கன் எந்திரம், அடுத்த வீட்டு காலிங் பெல் என்று அவர் பேதம் பார்த்ததில்லை. மீதி தப்பித்ததற்கு ஒரே காரணம், அவர் வெஸ்டர்ன் லைன் ரயில் பக்கம் அதிகம் போனதில்லை என்பதுதான்.

அவருக்கு அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று இருந்தது. சம்பளச் சீட்டில் வரும், வேறெங்கும் வராது. மாட்டுங்காவில் பூக்கடைகளுக்கு மேலே, மாடியில் இருக்கும் எங்கள் சின்ன சாஃப்ட்வேர் கம்பெனியில் எல்லாருக்கும் அவர் தபாதபாதான். யாராவது போய், "இதை அமுக்கினா ஒண்ணும் ஆக மாட்டேங்குது" என்று முறையிட்டால், திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே சொல்வார்:

"இன்னொரு தபா தபா."

இந்த வாக்கியத்துக்கு உரை தேவை. முதல் தபா, தடவை. இரண்டாவது தபா, இந்தியில் அமுக்கு. முதலாவதுகூட வடக்கே தஃபாவாக இருந்து மெட்ராஸுக்குப் போய்த் தமிழாகித் திரும்பி வந்த சரக்குதான் என்று விவரம் தெரிந்தவர்கள் சொல்கிறார்கள். நாங்கள் மும்பைத் தமிழர்கள். எந்தச் சொல் எந்த மொழி என்று பார்த்துப் பார்த்துப் பேசினால் ரயில் போய்விடும்.

பாதிப் புகார்கள் அந்த இன்னொரு தபாவிலேயே தீர்ந்துவிடும். மீதிக்கு அவர் நாற்காலியை விட்டு எழுந்து வருவார். எழுந்து வந்துவிட்டால் விடமாட்டார்.

எங்கள் கட்டடத்து லிஃப்டில் கதவை மூட ஒரு பட்டன் உண்டு. அமுக்கினாலும் அமுக்காவிட்டாலும் கதவு தன் இஷ்டத்துக்குத்தான் மூடும். ஊரே இதை ஏற்றுக்கொண்டு வாழ்ந்தது. தபாதபா ஏற்கவில்லை. லிஃப்டைப் பழுது பார்க்க வந்த மராத்திக்காரரை உள்ளேயே நிறுத்தி வைத்து, "இதுக்குப் பின்னால ஒயர் இருக்கா இல்லியா, சத்தியமாச் சொல்லும்" என்று கேட்டார். அவருக்குத் தமிழ் ஓர் எழுத்துகூடத் தெரியாது. ஆனாலும் தலையைக் குனிந்துகொண்டார். அடுத்த வாரம் அந்தப் பட்டன் வேலை செய்தது.

பஸ்ஸில் ஏறினால் மணியை அடித்துப் பார்ப்பார். இறங்கப் போகிறாரா என்றால் இல்லை. டிரைவர் காதுக்கு எட்டுகிறதா என்று சோதனை. ஒரு கண்டக்டர் பொறுமை இழந்து அவரை சயானில் இறக்கிவிட்டுப் போய்விட்டார். தபாதபா வெயிலில் நின்றுகொண்டு எனக்குப் போன் செய்தார்.

"மணி நல்லாக் கேக்குது வே. அடிச்ச உடனே டிரைவரு நிப்பாட்டுதான்."

உச்சம் என்றால் செம்பூர் சிக்னல்தான். சாலையைக் கடக்க விரும்புவோர் அமுக்க வேண்டிய பட்டன் ஒன்று கம்பத்தில் இருந்தது. நாமெல்லாம் அதைத் தலைவர்கள் சிலை மாதிரி மரியாதையாகப் பார்த்துவிட்டு, வண்டிகளுக்கு நடுவே ஓடிக் கடப்போம். தபாதபா அதை அமுக்கினார். காத்திருந்தார். அமுக்கினார். காத்திருந்தார். கூட்டம் கூடியது. டிராஃபிக் போலீஸ்காரர் வந்து என்ன சமாச்சாரம் என்று கேட்டார்.

"சாப், இஸ்கா கான் நஹி ஹை" என்றார் இவர். இதற்குக் காது இல்லை என்று அர்த்தம்.

போலீஸ்காரர் இவருடைய காதைப் பார்த்தார். இரண்டும் இருந்தன.

"ஏக் தஃபா ஆப் தபாவோ" என்றார் தபாதபா. போலீஸ்காரரும் அமுக்கிப் பார்த்தார். சட்டமே சீருடையில் வந்து அமுக்கியும் பச்சை விழவில்லை. அவருக்கு அது மானப் பிரச்சினையாகிவிட்டது. நடுச்சாலையில் இறங்கிக் கையை விரித்து, செம்பூர் போக்குவரத்து மொத்தத்தையும் நிறுத்தி, இவர் ஒருவரை மட்டும் ஊர்வலம் மாதிரிக் கடக்க வைத்தார். தபாதபா கம்பீரமாக மறுகரைக்குப் போய்ச் சேர்ந்து, அங்கே இருந்த பட்டனை அமுக்கினார்.

எங்கள் வீட்டுக்கு வந்தால், நான் கதவைத் திறந்த பிறகும் பெல்லை விடமாட்டார். "கதவுதான் தொறந்தாச்சே, இன்னும் எதுக்கு அடிக்கிறார்?" என்று என் மனைவி சமையலறையிலிருந்து கேட்பாள். "சரிபாக்குதேன் மதினி" என்று வாசலிலிருந்தே பதில் வரும்.

ஆள் தாராவியில் பிறந்து வளர்ந்தவர், இப்போது குடியிருப்பது கோவண்டியில். பேச்சு மட்டும் திருநெல்வேலி ரயிலிலிருந்து இப்போதுதான் இறங்கிய மாதிரி இருக்கும். என்னைவிடச் சில வயது இளையவர் என்றாலும் "வே" என்றுதான் கூப்பிடுவார். நான் மாட்டுங்காக்காரன், பதவியில் டீம் லீட். டீம் லீட் என்றால் எல்லாருக்கும் சேர்த்துக் கவலைப்படுகிறவன். கவலைப்படுவதில் எனக்கு ஒரு முறை உண்டு. முதலில் சிரிப்பு வரும், பிறகு வியர்க்கும், அப்புறம் பசிக்கும். பசிக்க ஆரம்பித்துவிட்டேன் என்றால் நிலைமை கைமீறிவிட்டது என்று பொருள்.

பட்டன்களைப் பற்றி தபாதபாவிடம் ஒரு தத்துவம் இருந்தது. அது எங்கள் தொழிலிலிருந்து வந்தது. கணினித் திரையில் பட்டன் வரைவது பெரிய காரியமில்லை, குழந்தைகூட வரையும். அதை யாராவது அமுக்கினால் அதைக் கேட்டு வேலையைச் செய்வதற்கு, பின்னால் சில வரி நிரல் காத்திருக்க வேண்டும். லிஸனர் என்போம். கேட்பவர். அது இல்லாவிட்டால் பட்டன் வெறும் படம்.

"பட்டன்னா ஒரு பிள்ளை வே" என்பார் தபாதபா. "பெத்துப் போட்டா போதுமா? காது குத்தணும்லா?"

"காது பொறக்கும்போதே இருக்கும். குத்துறது தோடு போட" என்பேன் நான்.

"அது மனுசப் பிள்ளைக்கு. நாம பெக்குற பிள்ளைக்குக் காதையே நாமதான் வைக்கணும். காது குத்தாத பட்டனு செவிட்டுப் பட்டனு."

அப்படியாக, பட்டனுக்கு நிரலை இணைப்பதற்கு எங்கள் ஆபீஸில் காது குத்துவது என்று பெயர் வந்தது. "அந்த பேஜுக்குக் காது குத்தியாச்சா?", "ரெண்டு பட்டன் பாக்கி", "கேன்சல் பட்டனுக்குத் தப்பான காதைக் குத்திட்டேன்" என்று மராத்தி பேசும் ரிசப்ஷன் பெண்வரை எல்லாரும் சாதாரணமாகப் பேசிக்கொள்வோம். தமிழ்நாட்டில் காது குத்துவது என்றால் ஏமாற்றுவது என்றும் ஓர் அர்த்தம் இருப்பது எங்களுக்கு மறந்தே போயிருந்தது. அதை ஞாபகப்படுத்த ஒருவர் மாடி ஏறி வந்தார்.

அவரை அண்ணாச்சி என்றே சொல்கிறேன். தாராவியில் முறுக்கு மொத்த வியாபாரம். அவருடைய தங்கை பேச்சியக்காவின் அதிகாரத்தில் ஒரு சந்து முழுக்க எண்ணெய்ச் சட்டிகள். அங்கே பொரிவது செம்பூர், கோவண்டி என்று பன்வேல்வரை கடைகளுக்குப் போகும். அதுவரை ஆர்டரெல்லாம் போனில்தான். தீபாவளி நெருங்கினால் அண்ணாச்சியின் இடது காது போனோடு ஒட்டிக்கொண்டுவிடும். வலது காதில் பேச்சியக்கா கத்துவார். இரண்டு காதுக்கும் ஓய்வு வேண்டும் என்றுதான் கடைக்காரர்கள் தாங்களே ஆர்டர் போட ஒரு வலைப்பக்கம் கேட்டு எங்களிடம் வந்தார்.

இரண்டு நிபந்தனை வைத்தார். பக்கத்தின் உச்சியில் முருகன் படம் இருக்க வேண்டும். ஆர்டர் ஒரே தொடுதலில் முடிய வேண்டும். "உறுதியா, நிச்சயமா, யோசிச்சுத்தான் சொல்லுதியான்னு கேட்டுக்கிட்டே இருந்தா ஏவாரி ஓடிருவான் தம்பி" என்றார். ஆகவே முறுக்கு, தட்டை, சீடை என்று ஒவ்வொன்றின் படத்துக்கும் கீழே "வேணும்" என்று ஒரு பட்டன். தொட்டால் ஒரு பெட்டி. சரக்கு இறங்கும்போது காசு.

இதை நாங்கள் ஃபிரேம்வொர்க்கில் கட்டினோம். ஃபிரேம்வொர்க் என்பது இட்லித் தட்டு மாதிரி. குழி ஏற்கெனவே இருக்கும், நாம் மாவை ஊற்றினால் போதும். அடுப்பிலிருந்து புதுப் பண்டம் இறங்கியதும் பேச்சியக்கா தன் போனில் படம் எடுத்து ஏற்றுவார். பக்கத்தில் தானாகவே ஒரு புதுக் குழி, ஒரு புது இட்லி, அதற்கு ஒரு புது "வேணும்".

அவசரத்தில் நான் ஒரு யோசனை சொன்னேன். பக்கம் திறக்கும்போதே இருக்கிற பட்டன் எல்லாவற்றுக்கும் மொத்தமாகக் காது குத்திவிடுவோம்.

"பொறவு பொறக்குற பிள்ளைக்கு?" என்றார் தபாதபா.

"பொறக்கும்போது பார்த்துக்கலாம்."

"உம்ம இஷ்டம். ஆனா எம்மனசு ஒப்பலை."

என் அவசரத்துக்குக் காரணம் இருந்தது. கம்பெனிக்கு அப்போது மூச்சு மட்டும்தான் ஓடிக்கொண்டிருந்தது. அண்ணாச்சி வேலை நன்றாக முடிந்தால் அவருடைய வியாபாரச் சிநேகிதர்கள் எல்லாரும் வருவார்கள். கெட்டுப்போனால் முதலாளி ஷட்டரை இறக்கிவிடுவார். இறக்கினால் எனக்குப் போக்கிடம் ஒன்றே ஒன்று, ஐரோலியில் என் மச்சினனின் கம்பெனி. அவன் எனக்கு நாற்காலிகூடப் பார்த்து வைத்துவிட்டான். அவனுடைய கேபினுக்கு நேர் எதிரே, கண்ணாடி வழியாக அவன் என்னைப் பார்க்கும்படி. கல்யாணத்தன்று அவனுடைய மோதிரத்தைப் பற்றி நான் அடித்த ஜோக்கை அவன் இன்னும் மறக்கவில்லை.

ஒருநாள் மத்தியானம் தபாதபா கையை உதறிக்கொண்டு நாற்காலியில் சாய்ந்தார்.

"முடிஞ்சுது வே. அண்ணாச்சிக்கு மொத்தமாக் காது குத்தியாச்சு."

நான் சும்மா இருந்திருக்கலாம். "வலிக்காம குத்தினீங்களா?" என்றேன்.

"சத்தமே வரலை. அவருக்கே தெரியாது பாத்துக்கிடும்."

வாசலில் ஒரு கனைப்பு. கையில் முறுக்குப் பொட்டலத்தோடு அண்ணாச்சி நின்றுகொண்டிருந்தார்.

எனக்குச் சிரிப்பு வந்தது. வரக்கூடாத நேரத்தில் வந்தது.

"சிரிக்கேளா?" என்றார் அண்ணாச்சி. மெதுவாகத்தான் சொன்னார், அதனால் இன்னும் பயமாக இருந்தது. "தாராவியில எனக்குக் காது குத்த இனிமேதான் ஒருத்தன் பொறந்து வரணும்னு நெனச்சிருந்தேன். மாட்டுங்கா மாடியில ரெண்டு பேரு குத்தி முடிச்சாச்சு. அதுவும் வலிக்காம."

எனக்கு வியர்த்தது. லிஸனர், ஃபங்ஷன், ஈவன்ட் என்று வாயில் வந்ததையெல்லாம் சொன்னேன். ஒவ்வொரு சொல்லுக்கும் அண்ணாச்சியின் மீசை ஒரு நூல் உயர்ந்தது. தபாதபா பதறவே இல்லை. அண்ணாச்சியின் கையைப் பிடித்து இழுத்துவந்து திரை முன்னால் நிறுத்தி, முறுக்குப் பட்டனின் காதை எடுத்துவிட்டு அதை அமுக்கச் சொன்னார். ஒன்றும் நடக்கவில்லை. அங்கேயே காது குத்தினார். "இப்ப இன்னொரு தபா தபா அண்ணாச்சி." அமுக்கினார். முறுக்கு ஒரு பெட்டி என்று ஆர்டர் விழுந்தது.

அண்ணாச்சி சற்று நேரம் பட்டனைப் பார்த்தார். பிறகு எங்களைப் பார்த்தார். பிறகு தொந்தி குலுங்கச் சிரிக்க ஆரம்பித்தார். சிரித்து முடித்ததும்தான் குண்டைப் போட்டார்.

"ஞாயித்துக்கெழமை எம் பேத்திக்கு நெசமாவே காது குத்து. செம்பூர் மண்டபத்துல. எல்லாக் கடைக்காரனும் வாரான். அங்கனயே தொறந்துருவோம். அவளுக்கும் காது, இதுக்கும் காது." வாசலில் நின்று திரும்பினார். "அன்னைக்கு மட்டும் கேக்காம போச்சுன்னு வையி, இந்த மாடிக்கும் எனக்கும் அத்தோட சரி."

ஞாயிற்றுக்கிழமை காலை மண்டபம் நிறைந்திருந்தது. நாதஸ்வரம், மல்லிகைப்பூ, பட்டுப் பாவாடையில் உம்மென்று ஒரு பேத்தி. கடைக்காரர்கள் எல்லாருடைய போனிலும் பக்கம் திறந்திருந்தது. அண்ணாச்சி மைக்கைப் பிடித்து, "ம், தொடுங்க" என்றார். தொட்டார்கள். முறுக்கு விழுந்தது, தட்டை விழுந்தது, சீடை விழுந்தது. நான் தபாதபாவைப் பார்த்து இளித்தேன். அவர் மண்டபத்து மின்விசிறி சுவிட்சுகளை ஒவ்வொன்றாகச் சோதித்துக்கொண்டிருந்தார்.

அந்த நேரம் பார்த்து, தாராவியில் பேச்சியக்கா அடுப்பிலிருந்து முந்திரிக்கொத்தை இறக்கினார்.

பக்கத்தில் முந்திரிக்கொத்து வந்தது. பளபளவென்று படம், கீழே புத்தம் புது "வேணும்". மண்டபம் முழுக்க திருநெல்வேலிச் சீமைக்காரர்கள். முந்திரிக்கொத்தைக் கண்டால் விடுவார்களா? அத்தனை விரலும் அதன்மேல் விழுந்தது. ஒன்றும் நடக்கவில்லை.

"அண்ணாச்சி, முந்திரிக்கொத்து வர மாட்டேங்கு."

"எனக்கும் வரலை."

"படம் மட்டும் காட்டுதாங்க போல."

அடுத்ததாக மனோகரம் வந்தது. அதுவும் அசையவில்லை. பின்வரிசையில் ஒருவர், "அண்ணாச்சிக்கு நல்லாக் காது குத்திருக்காங்கடே" என்றார். பக்கத்தில் இருந்தவர் சிரித்தார். மேடையிலிருந்து அண்ணாச்சி என்னைத் தேடுவது தெரிந்தது. நான் தோரண வாழைமரத்துக்குப் பின்னால் இருந்தேன். என் உடம்புக்கு அந்த மரம் போதாது.

சிரிப்பும் வியர்வையும் முடிந்து எனக்குப் பசி வந்துவிட்டது. நேராகப் பந்திக்குப் போய் உட்கார்ந்தேன். ஐரோலி கண்ணாடிக் கேபின் கண்முன்னால் வந்தது. கேசரியை வாயில் போட்டுக்கொண்டேன். மச்சினன் கண்ணாடிக்கு அந்தப்பக்கம் இருந்து கையசைப்பது தெரிந்தது. இன்னொரு கேசரி கேட்டேன்.

தபாதபா வந்து என் இலையை மடக்கினார்.

"எந்திரியும் வே. பிள்ளை செவிடா நிக்கி, நீரு கேசரி திங்கீரு."

"இன்னொரு தபா தபான்னு சொல்லிப் பாருங்களேன்."

"காதே இல்லாத பிள்ளைய எத்தனை தபா தபாவினாலும் எப்படிக் கேக்கும்? இதெல்லாம் குத்து முடிஞ்ச பொறவு பொறந்த பிள்ளைங்க. அன்னைக்கே சொன்னம்லா."

"வர வர ஒவ்வொண்ணுக்கா குத்திடலாமே?"

"பேச்சியக்கா நிப்பாட்டுவாளா? அடுப்பு எரியுற வரைக்கும் பிள்ளை வந்துக்கிட்டேதான் இருக்கும். ஒவ்வொண்ணுக்கும் ஆசாரியக் கூட்டிட்டு வர முடியுமா?"

அப்போது மேடையில் நிஜ ஆசாரி ஊசியை எடுத்தார். பேத்தி தாய்மாமன் மடியில் உட்கார்ந்து வீறிட்டாள். அவளைச் சுற்றி அந்த மாமனுடைய மற்ற மருமகப் பிள்ளைகளும் தொற்றிக்கொண்டிருந்தார்கள். தோளில் ஒன்று, முழங்காலில் ஒன்று, முதுகில் ஒன்று. எது சிணுங்கினாலும் மாமன் திரும்பியே பார்க்கவில்லை. குரல் வந்த திசையைக் கணக்கு வைத்து, அந்தப் பக்கமாக ஒரு மிட்டாயை நீட்டினார். புதிதாக ஒரு பிள்ளை ஓடிவந்து மடியில் ஏறி அழுதது. அதற்கும் ஒரு மிட்டாய் போனது.

தபாதபா அப்படியே நின்றுவிட்டார்.

"வே, பிள்ளைக்கு எதுக்குக் காது? மாமனுக்கு இருந்தாப் போதும்லா."

மேடைப் படியிலேயே உட்கார்ந்து மடிக்கணினியைத் திறந்தார். வாசகர்கள் பயப்பட வேண்டாம், விஷயம் எளிது. திரையில் ஒரு பட்டனைத் தொட்டால் அந்தத் தொடுதல் பட்டனோடு நிற்பதில்லை. பட்டனைத் தாங்கும் பெட்டிக்குப் போகும், பெட்டியைத் தாங்கும் பக்கத்துக்குப் போகும், மேலே மேலே போய்க்கொண்டே இருக்கும். பிள்ளை அழுகிற சத்தம் மாதிரி. ஆகவே ஒவ்வொரு பட்டனுக்கும் காது குத்தத் தேவையில்லை. எல்லாவற்றையும் மடியில் வைத்திருக்கும் பக்கத்துக்கு ஒரே ஒரு காது குத்தி, "எந்தப் பிள்ளை அழுதது என்று பார்த்து அதற்கு உரியதைக் கொடு" என்று சொல்லிவிட்டால் தீர்ந்தது. நேற்றுப் பிறந்ததும் சரி, நாளைக்குப் பிறக்கப்போவதும் சரி, மாமன் பார்த்துக்கொள்வார்.

பழைய காதுகளையெல்லாம் அழித்தார். ஒரே காது குத்தினார். நாதஸ்வரக்காரர் ஒரு பாட்டை முடித்து வாயைத் துடைப்பதற்குள் வேலை முடிந்தது.

"அண்ணாச்சி, எல்லாரையும் பேஜை ஒருக்க மூடித் தொறக்கச் சொல்லுங்க. பொறவு இன்னொரு தபா தபாங்க."

அண்ணாச்சி மைக்கை வாங்கினார். ஒருமுறை சகுனம் கெட்டுப்போனதில் மனிதர் கலங்கியிருந்தார். "எல்லாரும் மொதல்ல நம்ம முருகனைத் தொட்டுக் கும்பிட்டுட்டு ஆரம்பிங்க" என்றார். மண்டபம் முழுவதும் போனில் முருகன் படத்தைத் தொட்டு, விரலைக் கண்ணில் ஒற்றிக்கொண்டது. நானும் ஒற்றிக்கொண்டேன். யாரையும்விட அழுத்தமாக.

பிறகு முந்திரிக்கொத்தைத் தொட்டார்கள். விழுந்தது. மனோகரம் விழுந்தது. பேச்சியக்கா சுசியம் ஏற்றினார், ஏற்றிய மூச்சிலேயே அதுவும் விழுந்தது. பின்வரிசைக்காரர் எழுந்து நின்று விசிலடித்தார். நான் வாழைமரத்தைக் கட்டிப் பிடித்துக்கொண்டேன்.

அப்போது அண்ணாச்சியின் போன் அடித்தது. பேச்சியக்காவின் குரல் ஸ்பீக்கர் போடாமலே மேடைவரை கேட்டது.

"ஏண்ணே, அங்க எல்லாரும் என்ன வெறும் முறுக்கா திங்கீங்க? ஒரு கடை பாக்கி இல்லாம முறுக்கு கேக்கான். எண்ணெய்க்கு நான் எங்க போவேன்?"

தபாதபா திரையைப் பார்த்தார். முகத்தில் முதல்முறையாக ஈ ஆடவில்லை. என் காதில் சொன்னார்.

"வே, மாமனுக்குக் காது கேக்குது. ஆளு தெரியலை."

"அப்படின்னா?"

"எந்தப் பிள்ளைன்னு பாக்கச் சொன்னேன். பிள்ளையே இல்லாட்டி என்ன செய்யணும்னு சொல்ல மறந்துட்டேன். முருகன் பட்டன் இல்லல்லா? யாருன்னு தெரியாததால மாமன் மூத்த பிள்ளைக்கு உள்ளதை எடுத்துக் குடுத்துட்டாரு. மூத்தது முறுக்கு."

அதாவது, முருகனைத் தொட்டவர்கள் அத்தனை பேரும் ஆளுக்கொரு பெட்டி முறுக்கு வாங்கியிருந்தார்கள். பக்தி அதிகமானவர்கள் இரண்டு மூன்று பெட்டி.

எனக்கு மறுபடியும் சிரிப்பிலிருந்து ஆரம்பித்தது. "சொல்லிடலாமா?" என்றேன். அதற்குள் அண்ணாச்சியே எங்கள் தலைக்கு மேலே குனிந்து கேட்டுக்கொண்டிருந்தார். நிமிர்ந்தார். மைக்கைத் தட்டினார். ஐரோலி தெரிந்தது எனக்கு.

"எல்லாரும் கேட்டுக்கிடுங்க. நீங்க முருகனைத் தொட்டுக் கும்பிட்டேள்லா? அவரு ஆளுக்கொரு பெட்டி முறுக்கு எழுதிட்டாரு. வேண்டாம்னு சொல்லுதவங்க சொல்லலாம்." கொஞ்சம் நிறுத்தினார். "எங்கிட்ட இல்ல. அவருகிட்ட."

எல்லாரும் குனிந்து போனில் முருகனைப் பார்த்தார்கள். பிறகு முன்வரிசையில் ஒரு பெரியவர், "சாமி உத்தரவு" என்றார். வேண்டாம் என்று சொல்ல ஒருவரும் எழவில்லை. சிலர் திரும்பவும் ஒருமுறை தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள்.

தபாதபா அந்த ஓட்டையை அடைக்கப் போனபோது அண்ணாச்சி கையைப் பிடித்துக்கொண்டார். "அதுல கை வைக்காதீரும்." தெரியாமல் தொடுகிறவர்கள் தலையில் முறுக்கு கட்டுவது நியாயமில்லை என்று நாங்கள் மன்றாடி, கடைசியில் ஒரு சமாதானத்துக்கு வந்தோம். முருகனைத் தொட்டால் கும்பிடு மட்டும். அவர் காலடியில் முறையாக ஒரு பட்டன், "முருகன் முறுக்கு" என்று. இன்றைக்கும் அந்தப் பக்கத்தில் அதிகம் அமுக்கப்படுவது அதுதான்.

பந்தி முடிவதற்குள் என்னைச் சுற்றிக் கூட்டம். அப்பளக்காரருக்குப் பக்கம் வேண்டும், ஊதுபத்திக்காரருக்கு வேண்டும். தாராவியில் தோல் பை செய்யும் காயல்பட்டினத்து பாய் ஒருவர் மட்டும் அமைதியாகச் சொன்னார், "எங்களுக்குப் படமெல்லாம் வேணாம் தம்பி. தொட்டாக் கேக்கணும், அம்புட்டுத்தான்." என் முதலாளி ஷட்டரை இறக்கவில்லை, பக்கத்து அறையையும் சேர்த்து வாடகைக்கு எடுத்தார். என் மச்சினனுக்குப் போன் போட்டு அந்த நாற்காலியை வேறு யாருக்காவது கொடுத்துவிடச் சொன்னேன்.

கொடுத்தான். தபாதபாவுக்கு. மோதிர ஜோக்குக்கு அவன் பழிவாங்கியது அப்படித்தான். பெரிய கம்பெனி, நல்ல சம்பளம், போகாதீர்கள் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவர் அங்கே சேர்ந்த முதல் வாரத்திலேயே வந்தது மச்சினனின் போன்தான். "அத்தான், என்ன ஆளை அனுப்பியிருக்கீங்க? எங்க பில்டிங் ஃபயர் அலாரத்தை அமுக்கி எல்லாரையும் கீழ இறக்கிட்டு, நல்லாக் கேக்குதுங்கிறார்."

மாட்டுங்காவில் இப்போது லிஃப்ட் கதவு மறுபடியும் தன் இஷ்டத்துக்கு மூடுகிறது. யாரும் கேட்பதில்லை. திரையில் ஏதாவது அசையாமல் நின்றால் எனக்கு இன்றும் அதே வரிசைதான்: சிரிப்பு, வியர்வை. பசி வருவதற்குள் போனை எடுத்துவிடுகிறேன்.

எந்தப் பட்டனுக்குப் பின்னாலும் ஒரு காது இருக்க வேண்டும் என்பார் தபாதபா. எனக்கு ஒன்று இருக்கிறது. அது கோவண்டியில் குடியிருக்கிறது. நான் அழைத்தால், முதல் மணி முழுதாக அடித்து ஓய்வதற்குள், "என்னவே, சாப்பிட்டீரா?" என்று கேட்கிறது.